கடைமடைப் பறவைகள்

சனிக்கிழமை, கரைவெட்டி

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள், ஜனவரி 28-ல் மூடுவார்கள். விவசாயிக்கு மட்டுமல்ல, டெல்டாவில் பறவை பார்க்கிறவர்களுக்கும் இந்த இரண்டு தேதிகள் முக்கியம். ஏரியில் ஆள் மூழ்கும் தண்ணீர் நின்றால் ஒரு கூட்டம் வரும், முழங்கால் அளவென்றால் வேறொரு கூட்டம். சேறு தெரிகிற அளவுக்கு வடிந்துவிட்டால் முற்றிலும் வேறு பறவைகள். அதனால் இந்தத் தடவை தண்ணீர் போகிற திசையிலேயே போவது என்று கிளம்பியிருக்கிறோம். கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு ஏரியில் ஆரம்பித்து, வயல் வழியாக, அலையாத்திக் காட்டைத் தொட்டு, உப்பளத்தில் முடிப்பதாகத் திட்டம். வண்டி ஓட்டுவது என் தம்பி. போன வாரம் நடந்த பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொண்டான். அதிலிருந்து அவனுக்கும் இந்த ஆசை பிடித்துவிட்டது.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு, திருமானூர் வழியாக விடியும் முன்பே கரைவெட்டி வந்துவிட்டோம். அரியலூர் மாவட்டம். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் வந்து நிறைகிற பாசன ஏரி. 1999-ல் சரணாலயமானது, 2024-ல் ராம்சார் பட்டியலிலும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. நாலரைச் சதுர கிலோமீட்டர் பரப்பு. ஏரிக்கரையில் நின்றால் எதிர்க்கரை பனியில் தெரியவே இல்லை. சத்தம்தான் முதலில் வந்தது.

பனி விலக விலக வாத்துகள். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி. குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பாக இருந்து குழப்பும். ஜனவரியில் பெரும்பாலான ஆண்கள் முழு நிறத்துக்கு வந்துவிடுவதால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதுதான் நல்ல மாதம். ஆண் நீலச்சிறகிக்குக் கண்ணுக்கு மேலே பிறை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. தட்டைவாயனை அலகை வைத்தே சொல்லிவிடலாம். பெண் பறவைகள்தான் கஷ்டம். அலகின் நீளம், இறக்கையில் தெரிகிற பச்சைப் பட்டை, பக்கத்தில் நீந்துகிற ஆண் எது என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பெயர் சொல்ல முடியும்.

தம்பி ஊசிவாலையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை தண்ணீருக்குள், வால் வானத்தைப் பார்த்து. இந்த வாத்துகள் முழுசாக முங்கி இரை தேடுவதில்லை. கழுத்து எட்டுகிற ஆழத்துக்குத்தான் அதற்குச் சாப்பாடு. ஊசிவாலுக்குக் கழுத்து நீளம் என்பதால் நீலச்சிறகிக்கு எட்டாத அடிமண் அதற்கு எட்டும். ஒரே ஏரியில் இரண்டும் சண்டையில்லாமல் பிழைப்பது அதனால்தான்.

பட்டைத்தலை வாத்துகள் தூரத்துத் திட்டில் உட்கார்ந்திருந்தன. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, டெலஸ்கோப்பில் தெளிவாகத் தெரிந்தது. மத்திய ஆசியாவின் மேட்டு நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. காற்று மெலிந்த உயரத்திலும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிற மாதிரி அதன் ரத்தம் அமைந்திருக்கிறது. இரவில் மேய்ந்துவிட்டுப் பகலில் ஏரி நடுவில் ஓய்வெடுக்கும். படத்துக்குத் தூரம் அதிகம். கிட்டே போக வழி இல்லாமல் இல்லை, ஆனால் போனால் எழும்பிவிடும். ஓய்வெடுக்கிற பறவையை எழுப்பி எடுக்கிற படம் எனக்கு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை, வடுவூர்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற பஸ்ஸில் உட்கார்ந்தே வடுவூர் ஏரியைப் பார்க்கலாம். இவ்வளவு சுலபமாகப் போய்வரக்கூடிய பறவைகள் சரணாலயம் தமிழ்நாட்டில் குறைவு. 2022-ல் இதுவும் ராம்சார் இடமானது. ஏரி நடுவே மண் திட்டுகளில் கருவேல மரங்கள். மரம் முழுக்க நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, வெள்ளை அரிவாள் மூக்கன்.

இன்று பெரும்பாலும் கொக்குகளோடுதான் போனது. வெள்ளையாக இருப்பதெல்லாம் 'கொக்கு' என்று தாண்டிப் போய்விடுகிறோம், ஆனால் இங்கே மூன்று வகை அடுத்தடுத்து நின்றது. சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அது சேற்றில் காலை உதறி உதறி மீனைக் கலைக்கும்போது அந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும். நடுத்தரக் கொக்கும் பெரிய கொக்கும்தான் சிக்கல். இந்த மாதத்தில் இரண்டுக்கும் அலகு மஞ்சள். தூரத்தில் தனியாக நின்றால் உயரத்தை நம்ப முடியாது. வாய்ப்பிளவைப் பார்க்க வேண்டும். அலகு பிளக்கிற கோடு கண்ணுக்கு நேர் கீழே முடிந்தால் நடுத்தரம். கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது. தம்பிக்கு இதைக் காட்டியதும் மதியம் வரை ஒவ்வொரு கொக்காக வாய்ப்பிளவு பார்த்துக்கொண்டே இருந்தான்.

வெள்ளைப் பறவையைப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சை நாணலுக்கு முன்னால் கொக்கு நிற்கும்போது கேமரா பச்சையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகு எல்லாம் வெளிறி ஒரே வெள்ளைத் தாளாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை குறைத்து வையுங்கள். அப்போதுதான் முதுகு இறகின் இழை இழையான நுனி படத்தில் நிற்கும். அதே கொக்கு வெளிறிய வானத்தில் பறக்கும்போது நேர் எதிராக, கூட்ட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் எடுக்கிற வெள்ளைப் பறவைப் படங்களை நான் பெரும்பாலும் அழித்துவிடுகிறேன், வெயில் அவ்வளவு கடுமை.

கரையோரக் கோரையில் நீலத் தாழைக்கோழி ஒன்று தண்டைப் பிடுங்கி, காலால் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய் உரித்துத் தின்றது. சீழ்க்கைச் சிரவிகள் கூட்டமாகத் தலைக்கு மேலே சுற்றின.

ஒரு வருத்தம். காமிரா வைத்திருந்த இரண்டு பேர் புதருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு செல்போனில் பறவைக் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார்கள். தன் எல்லைக்குள் இன்னொருவன் வந்துவிட்டான் என்று அந்தச் சின்னப் பறவை பதறிப் பதறி வெளியே வந்தது. அது இரை தேட வேண்டிய நேரம் அது. சொல்லிப் பார்த்தேன், நிறுத்திவிட்டுப் போனார்கள். நீங்கள் யார் கூடப் போனாலும் இதைச் செய்ய விடாதீர்கள்.

திங்கட்கிழமை, மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை

சரணாலயம் எதுவும் இல்லாத நாள். எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்த நாளாக இதுதான் இருக்கப்போகிறது என்று நினைக்கிறேன்.

சம்பா அறுவடை ஆரம்பித்துவிட்டது. சாலையோரமாக வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் இறங்கினோம். ஈர வயலில் பெல்ட் வைத்த அறுவடை மெஷின் ஓடுகிறது. அதன் பின்னாலும் பக்கத்திலும் கொக்குகள், உண்ணிக்கொக்குகள், மடையான்கள், மைனாக்கள். மேலே தகைவிலான்கள். கம்பியில் கரிச்சான் வரிசை, அதற்கும் மேலே செம்பருந்து வட்டமிடுகிறது. மெஷின் வரும்போது பயிருக்குள் இருந்த பூச்சி, தவளை, சுண்டெலி எல்லாம் ஓடும்; அந்த ஓட்டத்தில் ஆளுக்கொரு பங்கு. தகைவிலான் பறக்கிற பூச்சியை மட்டும் எடுக்கும், கரிச்சான் கம்பியிலிருந்து பாய்ந்து பிடித்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்துக்கு வரும், கொக்கு நடந்தே பிடிக்கும்.

வயல்காரப் பெரியவர் ஒருவர் வந்து என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம்.

"கொக்கெல்லாம் போட்டோ எடுக்கிறீங்க, சரி. ராத்திரி வர்ற கூகையை எடுங்கம்மா. அதுதான் எங்க ஆளு" என்றார்.

அடுத்த வயலைக் காட்டினார். அங்கங்கே மட்டையும் குச்சியும் நட்டு, மேலே குறுக்கே ஒரு கழி. பறவைத் தாங்கி. இரவில் கூகை என்கிற ஆந்தை அதில் உட்கார்ந்து எலி பிடிக்கும். எலி கதிரை வெட்டுகிற பருவத்தில் வயலுக்கு வயல் இதை நடுகிறார்கள்.

"உக்கார ஒரு இடம் குடுத்தா போதும். மிச்சத்தை அது பாத்துக்கும்."

"பகல்ல எங்க ஐயா இருக்கும்?" என்று தம்பி கேட்டான்.

"பழைய கோயில் கோபுரத்துல இருக்கும், ஆளில்லாத வீட்டு மச்சுல இருக்கும். அத அபசகுனம்னு வெரட்டுறாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல."

எனக்கும் பிடிக்கவில்லை. தாங்கிக்குக் கீழே கூகை கக்கிய உருண்டை ஒன்று கிடந்தது. கட்டைவிரல் நீளம், கருஞ்சாம்பல். குச்சியால் பிரித்தோம். மெத்தென்று எலி மயிர், அதற்குள் முழுசாக ஒரு மண்டை ஓடு, ஆரஞ்சு நிற முன்பற்கள் இரண்டும் அப்படியே. ஜீரணமாகாததை எல்லாம் சேர்த்து உருட்டி வாய் வழியே துப்பிவிடுகிற பறவை. இந்த உருண்டைகளைச் சேகரித்து எண்ணினாலே அந்த வயலில் எந்த எலி எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

இன்னும் கொஞ்சம் தள்ளி, அறுக்காத வயலில் உளுந்து தெளித்துக்கொண்டிருந்தார்கள். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் பயிருக்குள்ளேயே வீசிவிட்டால், மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்திலேயே முளைத்து வந்துவிடும். அந்த ஈரம் பறவைக்கும் கணக்கு. அறுத்த வயலில் தண்ணீர் திட்டுத் திட்டாக நின்ற இடங்களில் பொரி உள்ளானும் வாலாட்டியும்; முழுக்கக் காய்ந்த வயலில் பனங்காடை, நெட்டைக்காலி. பத்தடி இடைவெளியில் பறவை மாறுகிறது.

பிறகு நத்தைகுத்தி நாரை. வாய்க்காலோரம், எங்களிடமிருந்து பஸ் நீளத் தூரம்கூட இல்லை. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, கதவில் ஒரு மணல் பை வைத்து அதன் மேல் லென்ஸ். இறங்கி நடந்தால் பறந்துவிடும், வண்டியை அது பொருட்படுத்துவதில்லை. தண்ணீருக்குள் அலகைவிட்டுத் துழாவி ஒரு நத்தையைப் பிடித்தது. மேல் அலகால் நத்தை ஓட்டைத் தரையோடு அழுத்திக்கொண்டது. கீழ் அலகின் கூர்நுனியை ஓட்டின் வாயை அடைத்திருக்கிற மூடிக்குள் செருகி, சதையை ஓட்டோடு பிடித்திருக்கிற தசையை அறுத்தது. தலையை ஓர் உதறு. வழுவழுவென்று சதை மட்டும் வெளியே வந்தது, ஓடு உடையாமல் தண்ணீரில் விழுந்தது. அலகு நடுவே இருக்கிற இடைவெளியால்தான் அது ஓட்டை உடைக்கிறது என்று பலர் சொல்வார்கள். உடைப்பதில்லை. இளம் பறவைக்கு அந்த இடைவெளியே கிடையாது, வளர வளரத்தான் வரும். வயலில் நத்தை பயிரைத் தின்னும், இது நத்தையைத் தின்னும். வேறு என்ன வேண்டும்?

சாயங்காலம் உதயமார்த்தாண்டபுரம் சரணாலயத்தை எட்டிப் பார்த்தோம். சின்ன ஏரி, அரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. நத்தைகுத்திகள் கூடு கட்டுகிற இடம். பறக்கக் கற்ற குஞ்சுகள் கிளையில் நின்று பெற்றோரைத் துரத்திக்கொண்டிருந்தன. இருட்டிவிட்டது, படம் இல்லை.

செவ்வாய்க்கிழமை, முத்துப்பேட்டை

வனத்துறை அனுமதியோடு ஜாம்புவானோடையிலிருந்து படகு. பாமணியாறு, கோரையாறு, இன்னும் சில கிளைகள் எல்லாம் இந்தக் காயலில் வந்து முடிகின்றன. காவிரியின் கடைசித் தண்ணீர் இது. இரண்டு பக்கமும் கண்ணா மரம், அலையாத்தி வகை. சேற்றிலிருந்து மூச்சு வேர்கள் ஆயிரக்கணக்கில் குத்திட்டு நிற்கின்றன. காட்டுக்குள் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதத் தண்ணீர், அதாவது கடல் ஏறி இறங்குகிற தண்ணீர், உள்ளே போய் வர வழி செய்திருக்கிறார்கள். தேங்கி உப்பேறிச் செத்துப்போன இடங்களில் அப்படித்தான் கன்றுகளைப் பிழைக்க வைத்தார்கள்.

"ஆத்துத் தண்ணி நல்லா வந்த வருஷம் இறா நல்லா இருக்கும்க்கா. வரலைன்னா உப்பு ஏறிடும்" என்றார் படகுக்காரத் தம்பி.

பறவைக்கும் அதேதான். நன்னீர் வந்து கலக்காவிட்டால் சேற்றில் இருக்கிற புழு, நத்தை, சிறு நண்டுகளின் கூட்டமே மாறிவிடும். அதை நம்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகிற உள்ளான்களுக்கு, சேற்றில் இரை தேடுகிற இந்தக் கரைப்பறவைகளுக்கு, வேறு சாப்பாடு கிடையாது. கடலுக்குப் போகிற தண்ணீர் வீண் என்று யாராவது சொன்னால் அவர்களை இந்தப் படகில் ஒருமுறை ஏற்றிவிட வேண்டும் என்று தோன்றியது. கடைமடைக்கு, பாசனத்தின் கடைசி வயல் வரைக்கும், தண்ணீர் வரவேண்டும் என்று விவசாயி கேட்பதில் பறவையின் பங்கும் இருக்கிறது.

காயல் திறந்த வெளியில் பெரிய ஆலா. உலகத்து ஆலாக்களிலேயே பெரியது, கெட்டியான சிவப்பு அலகு. பக்கத்துக் கம்புகளில் பழுப்புத்தலைக் கடற்காகங்கள். குளிர்காலத்தில் தலை வெள்ளையாகிவிடும் என்பதால் இறக்கை நுனியைப் பார்க்க வேண்டும். கறுப்பு நுனிக்குள் வெள்ளைப் புள்ளி இருந்தால் சந்தேகம் இல்லை. படகு ஆடுகிறபோது கேமராவின் ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் கீழே போகவே கூடாது.

புதன்கிழமை, கோடியக்கரை

வேதாரண்யம் தாண்டியதும் நிலம் சட்டென்று தட்டையாகிவிடுகிறது. வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கிற முனை. 1967-ல் வெளிமானுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம். 2002-ல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் இடம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்தக் கரையைத்தான் அடித்தது. முறிந்த பாலை மரங்கள் பல அடியிலிருந்து மீண்டும் துளிர்த்திருக்கின்றன.

காலையில் காட்டுக்குள் ஆறுமணிக் குருவி. வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டுக் குளிருக்கு இங்கே வருகிறது. விடியலிலும் அந்தியிலும் இரண்டு சீழ்க்கை. பிறகு ஆளைக் காணோம். உதிர்ந்த இலைகளைப் புரட்டுகிற சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். பச்சை முதுகு, தோளில் நீலம், வயிற்றடியில் சிவப்பு. அரை நிமிடம் வெளிச்சத்தில் நின்றது, போதும்.

மதியம் முனியப்பன் ஏரி. வெளிமான்கள், காட்டுக் குதிரைகள், அவற்றுக்கு நடுவே சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து போனது.

வியாழக்கிழமை, உப்பளங்கள்

பூநாரைகள். இதற்குத்தான் எல்லோரும் கோடியக்கரை வருகிறார்கள், வரவும் வேண்டும். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கால் தண்ணீரை இழுத்து, அலகோரச் சீப்பில் வடிகட்டிச் சாப்பிடுகின்றன. சாம்பல் நிறத்தில் நிற்பவை இளசுகள். சாப்பாட்டில் இருக்கிற நிறமி உடம்பில் ஏறின பிறகுதான் இளஞ்சிவப்பு வரும். எழும்பும்போது இறக்கையின் சிவப்பும் கறுப்பும் ஒரே நொடியில் விரிகின்றன. தம்பி கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்கு இன்று வேலை வரப்போரச் சேற்றில் இருந்தது. ஒரு விரற்கடைத் தண்ணீர். அதில் உள்ளான்கள் நூற்றுக்கணக்கில். கொசு உள்ளானின் எடை இருபது முப்பது கிராம்தான், ஆர்க்டிக் வட்டத்தின் தூந்திரத்தில், மரமே இல்லாத குளிர் வெளியில் பிறந்தது. பக்கத்தில் வளைமூக்கு உள்ளான், அலகு நுனியில் வளைவு, பறந்தால் வால் மேல் வெள்ளை. பவளக்காலிக்குச் சிவப்புக் கால், இறக்கைப் பின்விளிம்பில் வெள்ளை. பச்சைக்காலிக்கு அலகு லேசாக மேல்நோக்கி. கருவால் மூக்கன் வயிறு நனைகிற ஆழத்தில். நெடுங்கால் உள்ளான் அதற்கும் அப்பால். கரையிலிருந்து உள்ளே போகப் போகக் கால் நீண்டுகொண்டே போகிறது.

கொசு உள்ளான் கூட்டத்தை ஒவ்வொன்றாக அலகு நுனி பார்த்தேன். உலகத்தில் அழிவின் விளிம்பில் நிற்கிற கரண்டிமூக்கு உள்ளான் முன்பு இந்தக் கரையில் பதிவாகியிருக்கிறது. நுனி தட்டையாக விரிந்த ஒரே ஒரு அலகு தெரிந்துவிடாதா என்றுதான். இன்று இல்லை. ஆனால் இங்கே வருகிற ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும், பார்க்காமல் போனால் வந்தாலும் தெரியாது.

கொடி மாட்டிய கால் கிடைத்தது. ஒரு வளைமூக்கு உள்ளான், வலது காலின் மேல்பகுதியில் சின்னப் பிளாஸ்டிக் கொடி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறார்கள். மற்ற நாடுகளிலும் மாட்டுகிறார்கள். எந்தப் பகுதியில் மாட்டியது என்பதைக் கொடியின் நிறச் சேர்க்கை சொல்லும், எந்தப் பறவை என்பதை அதில் பொறித்த எழுத்து சொல்லும். எழுத்து தெரிய வேண்டுமே. வரப்பில் குப்புறப் படுத்து, லென்ஸைத் தரையோடு வைத்து, கிட்டே போகாமல் காத்திருந்தேன். அது சேற்றைக் குத்திக் குத்தித் தானே என் பக்கம் வந்தது. காலில் சேறு அப்பியிருந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது கழுவிவிட்டது. வரிசையாக எடுத்ததில் ஒரு படத்தில் மூன்று எழுத்தும் தெரிகிறது. பறவையின் தலை அந்தப் படத்தில் பாதிதான் இருக்கிறது. பயணத்தில் எடுத்ததிலேயே உபயோகமான படம் அதுதான்.

படம், இடம், நேரம், கொடியின் நிறம் நான்கையும் வளையம் மாட்டுகிறவர்களுக்கு அனுப்பியாகிவிட்டது. நீங்கள் எங்கே கொடிப் பறவை பார்த்தாலும் இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள், இடது காலா வலது காலா என்பதையும் சேர்த்து. இது எங்கே, எந்த வருடம் கொடி வாங்கியது என்று பதில் வந்ததும் எழுதுகிறேன். பட்டியல்களைத் தம்பி இ-பேர்ட் என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறான், வடுவூர்க் கொக்குகளை வகை பிரித்து.